லேவியருக்கு வயது வரம்பு

2023 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பிளானோவில் வெயில் இருந்தது. ஆனால் முந்தின நாள் கிளம்பிய வடகாற்று இன்னும் விடவில்லை. ஆலயத்துக்கு வரும்போது காரின் திரை வெளியே அறுபத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. கடைசி ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்திருக்கும் நேரத்தில் பாடகர் குழுவின் தலைவர் மைக்கைப் பிடித்து ஓர் அறிவிப்பு செய்தார். அறுபது வயதைத் தாண்டியவர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான அட்வென்ட் முதல் குழுவில் பாட மாட்டார்கள். அவர்கள் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் ஊழியத்தைச் செய்வார்கள்.

இதற்கு அவர் வேத ஆதாரமும் காட்டினார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் இருந்த நாளில், ஆலய ஊழியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரமான லேவியர்கள் ஐம்பது வயதில் வேலையை விட்டு விலக வேண்டும், பிறகு தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் மட்டும் காக்க வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. நாம் பத்து வருஷம் எக்ஸ்ட்ரா கொடுத்திருக்கிறோம் என்றார். சபை சிரித்தது.

பதினாலு பேர் கொண்ட குழுவில் ஐந்து பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் நாலு பேருக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவர், இனி முழங்கால் வலியோடு நாலு சரணம் முடிகிறவரை நிற்க வேண்டியதில்லை என்று என்னிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஐந்தாவது ஆள் என் மனைவி. அவளுக்கு அறுபத்தெட்டு.

அவள் பேச்சை இழந்து அப்போது பதினாலு மாதம் ஆகியிருந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கட்டு. கையும் காலும் திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. ‘அப்புறம்’ என்ற ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், கால் வலித்தாலும் அப்புறம், பேத்தி ஸ்கூலுக்குப் போகும்போது கையசைத்துச் சொல்வதும் அப்புறம். ஊரில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு நதிகளையும் மலைகளையும் சொல்லிக்கொடுத்தவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஏழாவது வாரம் மருமகள் அவளை ஆலயத்துக்கு அழைத்துப்போனாள். நாங்கள் கூடுகிற இடம் வேறொரு சபையின் கட்டடம். காலையில் அவர்களுடைய இங்கிலீஷ் ஆராதனை, மத்தியானம் எங்கள் தமிழ் ஆராதனை. என் மனைவி பழக்கதோஷத்தில் நேரே போய்ப் பாடகர் வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டாள். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாட்டு தொடங்கியது. அவள் வாய் அசைவதைப் பார்த்து, சும்மா அசைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் சரணத்தில் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். சொற்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் முழுசாக, கடைசி எழுத்து தேயாமல். நாலு சரணமும் பாடினாள். பாட்டு முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்புறம்” என்றாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் பிறகு விளக்கினாள்: பேச்சு மூளையின் ஒரு பக்கம், பாட்டு பெரும்பாலும் மறுபக்கம், சிலருக்கு இப்படி மிஞ்சும். அன்று முதல் வெள்ளிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இரண்டிலுமாக வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் என் மனைவிக்குச் சொற்கள் இருந்தன. மிச்ச நேரத்தை நாங்கள் அதை வைத்துத்தான் ஓட்டினோம்.

ஆனால் அவள் அரைத் தாளம் பிந்திப் பாடினாள். எனக்குச் சுருதி ஞானம் கிடையாது. எண்ணத் தெரியும், ஆகவே இது தெரியும். எல்லோரும் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அவளுடைய கடைசிச் சொல் தனியாக வந்து நிற்கும். ஆராதனையை நேரலையில் அனுப்பத் தொடங்கிய பிறகு, ஊரிலிருந்து பார்க்கிற உறவுக்காரர்கள் பிந்தி வருகிற அந்தக் குரல் யாருடையது என்று எழுதியே கேட்டார்கள். ஆகவே அறிவிப்பைக் கேட்டதும் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

காரில் ஏறும்போது மகன் சொன்னான், “விடுங்கப்பா. அம்மாகிட்ட நேரா சொல்ல முடியாம சுத்தி வளைச்சுச் சொல்றாங்க.” அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு போனதே தவிர, கேட்கிறதெல்லாம் அவளுக்கு விளங்கும். வீட்டில் எல்லோரும் அதை அடிக்கடி மறந்துவிடுவோம். அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

மறுநாளே நான் லேவியரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். இதை எதிர்க்க என்னிடம் வேறு ஆயுதம் இல்லை. பழைய ஏற்பாட்டில் ஆலய வேலைக்கு ஆள் வகுத்த ராஜா எண்ணிய லேவியர் முப்பத்தெட்டாயிரம். அதில் நாலாயிரம் பேர் துதி பாடவும் வாத்தியம் வாசிக்கவும். அவர்களுக்குள் நன்றாகத் தேர்ச்சி பெற்றவர்கள் இருநூற்று எண்பத்தெட்டு. அவர்களை இருபத்து நாலு பிரிவாக்கி, பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்து, யார் முறை எப்போது என்று சீட்டுப் போட்டார்கள். பெருக்கிப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது. சீட்டுப் போடும்போது சிறியவன் பெரியவன், ஆசான் மாணவன் என்று பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. பாடகர்களைப் பற்றிச் சொல்லுகிற அந்த இடத்தில் வயது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஐம்பது வயதுக் கட்டளை ஆராதனைக் கூடாரத்தைத் தோளில் சுமந்து அலைந்த காலத்தது. ஆலயம் ஓர் இடத்தில் நிலைத்த பிறகு சுமக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் ஒரு கணக்கை ஒரு தடவை போட்டதோடு நம்புகிற ஆள் நானில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், வேலையை விட்டு ஓய்ந்த ஒரு பல் வைத்தியர் இருக்கிறார், யூதர். மூன்று வருடமாகக் காலையில் குளத்தைச் சுற்றி அவரும் நானும் அவருடைய நாயும் நடக்கிறோம். தன் குடும்பம் லேவி கோத்திரம் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரையோ விசாரித்து இரண்டு நாளில் பதில் கொண்டுவந்தார்.

அவர்களுடைய பழைய ஆசிரியர்கள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறார்களாம். வயது வரம்பு வனாந்தரத்துக்கு மட்டும்தான், அங்கே சுமை இருந்தது. நிலையான ஆலயத்தில் வயதைச் சொல்லி ஒரு லேவியனை விலக்க முடியாது. எனக்கு அவரை அங்கேயே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி மிச்சத்தையும் சொன்னார்.

“வயதினால் இல்லை. குரலினால். குரல் கெட்டால் அவன் பாட முடியாது.”

அப்படி விலக்கப்பட்டவன் பிறகு என்ன செய்தான் என்று கேட்டேன். தெரியாது, அது எழுதியிருப்பதாகத் தெரியவில்லை என்றார்.  பிறகு அவராகவே தன்னைப் பற்றிச் சொன்னார். ஆலயம் இடிந்ததோடு லேவியரின் பாட்டும் நின்றுவிட்டது. இப்போது பண்டிகை நாட்களில், ஆசாரியக் குடும்பத்தார் சபையை ஆசீர்வதிக்கப் போகுமுன் அவர்களுடைய கைகளில் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் இவர் வேலை. அவர் அப்பா செய்தார், இவர் செய்கிறார். ஒரு குவளைத் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி, நாயின் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு அரை மணி முன்பே போய் ஆலயத்தின் கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தேன். குழுத் தலைவருக்கு நாற்பது வயது இருக்கும். வேலை லெகசி என்கிற ஆபீஸ் பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில். அதை முடித்துவிட்டு நேராக வந்து காரின் பின்னாலிருந்து கீபோர்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் ராஜாவில் தொடங்கி, சீட்டுப் போட்டதைச் சொல்லி, கூடாரத்துக்கும் ஆலயத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, பக்கத்து வீட்டு லேவியர் வரைக்கும் வந்தேன். வயதைச் சொல்லி ஒருத்தரையும் நிறுத்த முடியாது தம்பி என்று முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப எதை வச்சு அங்கிள் நிறுத்துவாங்க?”

பாதியை மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தீர்மானித்திருந்தேன். கேட்ட பிறகு முடியவில்லை.

“குரல் போனா.”

அவர் கீபோர்டைத் தரையில் வைத்தார். “அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் அங்கிள் நான் வயசைச் சொன்னேன்.”

பின் வரிசையில், மைக் இல்லாமல் நிறுத்திவைக்கலாமே என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கடனுக்குத் தவணை கேட்பவன்போல் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

“ரெண்டு மாசமா ஆன்ட்டி மைக் ஆஃப்லதான் இருக்கு அங்கிள். மைக் பிரச்சினை இல்ல. பக்கத்துல நிக்கிறவங்க அவங்களுக்காக வெயிட் பண்றாங்க. அப்புறம் மொத்தக் குழுவும் இழுக்குது.”

நேரலைப் பதிவை வீட்டில் போட்டுப் பார்த்து, அம்மாவின் குரல் இன்று நன்றாகக் கேட்டது என்று மகனும் நானும் பேசிக்கொண்ட ஞாயிறுகள் அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கும்.  கீபோர்டின் ஒரு முனையைப் பிடித்து உள்ளே கொண்டுபோக உதவினேன்.

நவம்பர் 26 அவள் பாடிய கடைசி ஞாயிறு. மூன்று பாட்டு. அடுத்த வாரம் முதல் இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில் வாசலில் நின்று ஆராதனை முறை அச்சிட்ட தாளை எல்லோர் கையிலும் கொடுத்தாள். ஒருவரையும் விடவில்லை. நன்றாகவே செய்தாள்.

வீட்டில் பாடவில்லை. போனில் பழைய பதிவுகளைப் போட்டுக்காட்டினேன். கேட்டாள், வாய் திறக்கவில்லை. கூட ஆட்கள் நின்று மூச்சு எடுத்தால்தான் அவளுக்குத் தொடங்க வரும் என்று பயிற்சிக்காரப் பெண் சொன்னாள். ஆகவே ஒரு நாள் சமையலறையில் நானே எடுத்துப் பாடினேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்து என் வாயைக் கையால் பொத்தினாள்.

பிறகுதான் வாசலுக்கு அனுப்பப்பட்ட மற்ற நாலு பேரையும் போனில் கூப்பிட்டேன். ஜனவரி முதல் சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் பாட ஒத்துக்கொண்டார்கள். ஒரு தம்பதி, முழங்கால் வலிக்காரர், அப்புறம் ஓர் அம்மாள். மூன்று கார், மூன்றும் காசு கட்டிப் போகிற டோல்வேயில் வர வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சமயம் லேவியப் பாடகர்களுக்குச் சேர வேண்டிய பங்கை, ஜனங்கள் விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் தரும் தசமபாகத்தை, கொடுக்காததால் அவர்கள் ஆலயத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று நான் படித்திருந்தேன். அந்தத் தவறு என் வீட்டில் நடக்கக் கூடாது. ஆகவே மத்தியானச் சாப்பாடும் டோல் காசும் என் பொறுப்பு என்றேன். வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை.

“தசமபாகம் டோல்ல வந்ததா எங்கயும் கேள்விப்படலையே அண்ணாச்சி” என்றார் முழங்கால் வலிக்காரர், காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே.

முதல் சனிக்கிழமை ஐந்து பேரும் எங்கள் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு நின்றார்கள். அவள் பாடினாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் மற்ற நாலு பேரும் அவளுடைய கடைசிச் சொல் வந்து சேருகிறவரை காத்திருந்தார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பேத்தி மாடிப்படியில் உட்கார்ந்து, “ஷி இஸ் டாக்கிங்” என்றாள்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் வரவில்லை. சென்னையில் கல்யாணம் என்று போனவர் மூன்று மாதம் தங்கிவிட்டார். நாலாவது வாரம் முழங்கால் வலிக்காரர் பேரன் பிறந்து ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். தம்பதி மட்டும் வந்தார்கள். அன்று என் மனைவி ஒரு சரணம் பாடினாள், அதோடு நின்றது. ஐந்தாவது வாரம் கணவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் மனைவி மட்டும் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் பாட்டை எடுத்தார். என் மனைவி வாயைத் திறந்தாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவர் வேறொரு பாட்டை எடுத்தார், அப்புறம் இன்னொன்றை. அவள் மெதுவாக அவருடைய கையைத் தட்டிக்கொடுத்து, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் வரட்டுமா என்று கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவள் பாடி இன்றைக்கு வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. யாரும் பங்கு கிடைக்காமல் ஓடிப்போகவில்லை. கடைசி நாள் வாங்க மறுத்தவரின் கைப்பையில் நான் திணித்ததையும் சேர்த்து, ஐந்து சனிக்கிழமைக்கும் டோல் காசு நாற்பத்தெட்டு டாலர் எழுபது சென்ட்.