கலியாண வீடியோவில் ஒரு படி

2024 யூலை 13, சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் முற்றம் கூட்டுவதும் தங்கையின் மகளுக்குக் கஞ்சி பருக்குவதும் என் பங்கு. அக்கராயனில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பிள்ளைக்கு ஆறு வயது. இப்போது நடப்பதில்லை, பேசுவதும் குறைந்துவிட்டது. தண்ணியாக எதைக் கொடுத்தாலும் புரைக்கேறும். அதனால் கஞ்சி, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். வழிந்தால் இன்னும் கொஞ்சம் அரிசிமா. அன்று முதல் தடவையிலேயே பதம் சரியாக வந்தது.

முற்பகலில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய்ச்சி மருத்துவர் வருவதாக இருந்தது. இளம் பெண். மூளையின் வெள்ளைப் பகுதி மெல்ல மெல்ல அழிந்துபோகும் அரிய பரம்பரை நோயொன்றைப் பற்றி, அந்த நோயுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்த் தகவல் திரட்டுகிறார். நான் விஞ்ஞான ஆசிரியை. வயரின் மேலுறை உரிந்தால் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச்சேராது, நரம்பும் அப்படித்தான் என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரே நோய் ஒரு பிள்ளையில் இரண்டு வயதிலும் இன்னொன்றில் பத்து வயதிலும் ஏன் தொடங்குகிறது? சென்ற முறை அவரிடம் கேட்டேன்.

"எங்களுக்கும் விளங்கேல்லை டீச்சர். அதுக்குத்தானே வாறன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த முறை அவர் சொன்ன வேறொன்று தங்கையைத் தூங்கவிடவில்லை. இந்த நோயுள்ள சில பிள்ளைகளுக்கு, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு நோய் திடீரென்று வெளிப்படுமாம். பெற்றோல் இல்லாத 2022இல் தங்கை ஸ்கூட்டரை மூடி வைத்துவிட்டுச் சைக்கிளில் திரிந்தாள். வாய்க்கால் கட்டின் மேல் போகும்போது ஒருநாள் பிள்ளை பின் கரியரிலிருந்து விழுந்தாள். அதன் பிறகுதான் நடை கோணியதை எல்லோரும் கண்டோம். சைக்கிள் அன்றிலிருந்து குசினிச் சுவரில் சாத்தியபடி நிற்கிறது. கடைக்கும் தங்கை நடந்தே போவாள். "சைக்கிளால விழுத்திப்போட்டாள்" என்று தங்கையின் மச்சாள், அதே வீட்டில் இருக்கும் கணவரின் அக்கா, ஒரேயொரு தடவைதான் சொன்னார். அது போதுமாயிருந்தது.

விழுவதற்கு முன் பிள்ளை நடக்கும் வீடியோ ஏதும் உண்டா என்று மருத்துவர் கேட்டிருந்தார். போனில் எடுத்தவை பழைய போனோடு போய்விட்டன. மிஞ்சியிருந்தது கலியாண வீடியோ. தங்கையின் கணவருடைய தம்பி கனடாவிலிருந்து வந்து புதுக்குடியிருப்பில் கலியாணம் செய்தது, பிள்ளை விழுவதற்கு இரண்டு மாதம் முன்னர்தான். மருத்துவர் வந்ததும் அலுமாரியிலிருந்து பென்டிரைவை எடுத்து ரீவியில் போட்டோம். சத்தம் கேட்டு மச்சாளும் தேநீரோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"இவ ஆரெண்டு தெரியுமே டொக்டர்? பொம்பிளையின்ர சித்தி. கழுத்தில கிடக்கிறதில அரைவாசி இரவல்."

"பிள்ளை எங்க நிக்கிறா?"

"பொறுங்கோ, இப்ப தம்பி குதிரையில வருவான். குதிரைக்குத்தான் பயமில்லை, அவனுக்குப் பயம்."

குதிரைக்குப் பின்னால் பிள்ளை பூத்தட்டோடு வந்தாள். வீடியோக்காரர் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டிருந்தார். போதாததற்குப் பாவாடை நிலம்வரை, கால் தெரியவில்லை.

"ஸ்லோமோஷனில எல்லாரும் வடிவாத்தான் நடப்பினம்" என்று மருத்துவர் சிரித்தார். "வடிவில்லாத இடம் ஏதும் இருந்தாப் போடுங்கோ."

அப்படியொரு இடம் பந்திக்குப் பிறகு வந்தது. மண்டபத்தின் பின்வாசல், கைகழுவும் குழாய், இறங்குவதற்கு ஒரு படி. பிள்ளையின் வயதுக்காரர் இரண்டு பேர் படியிலிருந்து பாய்ந்து இறங்கி ஓடினார்கள். அடுத்து, பாவாடையைத் தூக்கிச் செருகிய பிள்ளையோடு தங்கை வந்தாள், யாரோடோ கதைத்தபடி, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி. படி வருவதற்கு முன்பே அவளுடைய இடது கை கீழே போனது. பிள்ளையின் கை அதற்கு முன்பே உயர்ந்து நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கைகள் சேர்ந்தன, பிள்ளை இறங்கினாள்.

"திருப்பிப் போடுங்கோ" என்றாள் தங்கை.

திருப்பிப் போட்டேன்.

"நான் பாக்கவேயில்லை. ஆனா கை போகுது."

"எப்ப துவங்கினீங்கள் அக்கா, படியில கை குடுக்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"குடுக்கிறனெண்டே தெரியாது டொக்டர்."

மருத்துவர் திரைக்குக் கிட்டப் போய், காலை மட்டும் பார்த்தபடி இன்னும் சில தடவைகள் ஓடவிட்டார். பிள்ளையின் இடது காலின் பெருவிரல் ஒவ்வொரு முறையும் படி விளிம்பில் உரசியது. பிறகு தங்கைக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் உட்கார்ந்தார்.

"விழ முதலே துவங்கியிருக்குது அக்கா. விழுந்ததால கெதியாக் கூடினதோ எண்டு கேட்டால் தெரியாது, பொய் சொல்லமாட்டன். ஆனா விழுந்துதான் வந்ததெண்டு இனி நான் எழுதமாட்டன்."

மச்சாள் திரையைக் காட்டினார். "அந்தா, பின்னால நானும் நிக்கிறன், வாய்க்குள்ள வடையோட. நானும் ஒண்டும் காணேல்லைத்தானே." இதைத் தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதது இதுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நல்ல கேள்வி" என்றார் மருத்துவர். மற்ற வீடுகளிலும் கலியாண வீடியோ இருக்கும், இவ்வளவு நாளும் பிள்ளைகளின் காலைத்தான் பார்த்தேன், இனித் தாய்மாரின் கையையும் பார்க்க வேண்டும் என்றார். தங்கையிடம் கேட்டு அந்தத் துண்டை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் முழுவதும் என் கண் தங்கையின் கையில்தான் இருந்தது. பிள்ளையின் தலை சாயப் போகும்போது, கழுத்து வளைவதற்குச் சற்று முன்னரே அந்தக் கை அங்கே போய்விடுகிறது. என்னுடையது பிந்தித்தான் போகிறது. அவளுடைய கை எதைப் பார்த்துப் புறப்படுகிறது என்று கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. விளக்குமாற்றோடு நான் வந்தபோது தங்கை சைக்கிளை முற்றத்துக்கு எடுத்து, முன்சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்வருவதாகச் சொன்னாள். பின்சில்லு காற்றுப் பிடிக்கவில்லை. வால்வின் ரப்பர் உக்கிப்போயிருந்தது. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, கஞ்சி வைப்பதற்கு முன் அதை மாற்றிக் கொடுத்தேன்.