டாக்டரம்மாவின் வெள்ளிக்கிழமை

நேற்று மாலை எங்கள் மலையூர் கியா பார்மில் ஒரு கடையில் கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த வாசனையில் எங்கள் எஸ்டேட் டாக்டரம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அவர் யூதர். ஐரோப்பாவில் நடந்த போரில் குடும்பத்தையே பறிகொடுத்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றி ஜெபித்தால், மறுநாள் பொழுது சாயும்வரை அவருக்கு ஓய்வுநாள்.

அப்படியொரு மாலையில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிய அப்பா, அவர் வாசலில் தயங்கினார். "இன்னிக்கு உங்க சாமி நாளாச்சே டாக்டரம்மா..."

"உசுரக் காப்பாத்தணும்னா அந்த நாள்லயும் வேலை செய்யத்தான் எங்க சாமி சொல்லுது. நடங்க!" என்று மழையில் இறங்கினார்.

தங்கை நல்லபடியாகப் பிறந்தாள். அவளைக் கையில் ஏந்தி ஒரு பேரைச் சொல்லிச் சிரித்தார் டாக்டரம்மா, கண் கலங்கியிருந்தது.

"போர்ல போன எங்கம்மா பேரு. உயிருன்னு அர்த்தம்."

"அப்ப இவ பேரு ஜீவா" என்றாள் அம்மா.

இன்று காலை ஜீவா வீட்டுக்குப் போனேன். பேரப்பிள்ளைகளைத் துரத்தித் துரத்திச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.