ஸ்ரௌவ்வில் மாட்டுப்பட்டி

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் தங்கச்சி வாங்கிய புது வீட்டுப் புல்தரையில் மாட்டெருவைக் கொட்டியபோது எழுந்த மணம், தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்தில் இருந்த மாட்டுப்பட்டியை நினைவுபடுத்தியது. வைக்கோல் தூசியும் ஈரச் சாணியும் மணக்க, கம்பிகளுக்குள்ளால் தலை நீட்டிய மாடுகள் மெல்லும் சத்தம் நாள் முழுக்க ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும் நீளமான கொட்டிலில், அப்பா தீன் போடும் வேலை பார்த்தார்.

அவை பால் மாடுகள் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அப்பாவும் திருத்தவில்லை. மாடுகளுக்குப் பொங்கும் ஒரு பட்டிப்பொங்கலன்று அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு, ஸ்நோவுக்குள் குங்குமமும் பொங்கலுமாக அங்கே வந்திறங்கினார். வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனவர் பாதியில் நின்றார்.

"என்னப்பா, ஒண்டிலையும் மடியைக் காணேல்லை?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "இதுகள் பாலுக்கில்லையப்பா. இறைச்சிக்கு."

வீட்டில் அம்மா முட்டைகூடச் சேர்ப்பதில்லை. ஒரு மாரிக்காலக் குளிர் முழுக்க அலைந்து அப்பா பிடித்த வேலை இன்றோடு போய்விடும் என்று நானும் தங்கச்சியும் பயந்து நின்றோம்.

அம்மா மிச்ச மாடுகளுக்கும் பொட்டு வைத்து முடித்தார்.

"வேலைக்குப் போங்கோ. ஆனா உந்த உடுப்போடை என்ரை குசினிக்குள்ளை, அடுப்படிப் பக்கம் வரக்கூடாது."

வீடுகள் கட்டுவதற்காகப் பட்டியை அதன் சொந்தக்காரர் விற்கும்வரை, மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜுக்குள் நின்று அப்பா குளிரில் நடுங்கி நடுங்கி உடுப்பு மாற்றினார். அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து முதலில் மாற்றிக் கட்டச் சாரத்தை நீட்டுவார், பிறகு சுடச்சுடத் தேத்தண்ணியை.