தண்ணீருக்கு அசையாத ஆடு

போன மாதம் என் மருமகள் என்னை நகரத்தில் ஒரு படக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். பாசிர் ரிஸிலிருந்து ரயிலேறி, நடுவில் மாறி, குளுகுளு என்றிருந்த ஒரு பெரிய கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சுவரெல்லாம் விலங்குகளின் படம். கல்யாணப் பெண்ணை நிறுத்துவதுபோல ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி, பின்னால் கறுப்புத் துணி கட்டி எடுத்திருந்தார்கள். ஒரு குதிரை, ஒரு சேவல், ஒரு கிழட்டு நாய். கீழே எழுதியிருந்தது முழுக்க ஆங்கிலம். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் என்ன, படம் பார்க்கத்தானே வந்தோம் என்று நிமிர்ந்தே நடந்தேன்.

கடைசிச் சுவரில் ஓர் ஆடு. கறுப்புக் கிடா. உடம்பெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நிற்க, கழுத்தை நீட்டி, ஓரமாகத் திரும்பி நின்றது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் வேர்த்தது போலவே.

"என்ன அத்தை, மூஞ்சியே மாறிடுச்சு? உக்காரணுமா?"

"அதெல்லாம் வேணாம். அந்த ஆட்டை எப்படி அசையாம நிறுத்துனாங்கன்னு கேட்டுட்டு வா."

படம் எடுத்த பெண் வாசல் பக்கம் நின்றிருந்தாள். மருமகள் அங்கே போனாள். நான் ஆட்டின் எதிரிலேயே நின்றேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. துறைமுகத் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கப்பலில் சரக்கு இறக்கும்போது விழுந்து, இடுப்பு முறிந்து, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி நடக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மரத்தடியில் இருந்த முனீஸ்வரனுக்கு அம்மா ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். ஆகவே திருவிழாவுக்குக் கிடா வெட்டியாக வேண்டும். குட்டியாக வாங்கி வந்ததை வளர்க்கும் வேலை எனக்கு. சாமிக்கு விட்டதற்குப் பெயர் வைக்கக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் வைக்கவில்லை. 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன். உலகத்தில் யார் யாரை 'ஏய்' என்றாலும் அது ஓடி வரும்.

திருவிழா நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுவலி என்றேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். சின்ன மாமா மட்டும் என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாவின் கடைசித் தம்பி. தேக்காவில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலை. மறுநாள் கழுத்தில் கேமராவோடு வந்து நின்றார்.

"உன் ஆட்டை ஒரு போட்டோ எடுக்கப்போறேன் புள்ள. பெரிய கண்காட்சியில மாட்டுவாங்க. வெள்ளைக்காரன்லாம் வந்து பாப்பான்."

"ஆட்டைப் பாக்கவா வருவான்?"

"பின்ன, உன் மூஞ்சியைப் பாக்கவா? வீட்டுலயே அதுதான் லட்சணமா இருக்கு. பிடி."

ரோமம் பளபளக்க வேண்டும் என்று தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளித்தார். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறியது. மாமாவின் சட்டையெல்லாம் தண்ணீர். "ஆடினா படம் கெட்டுப்போகும். அசையாம நிக்கப் பழக்கு. நின்னா ஒண்ணு குடு" என்று வறுத்த கச்சாங் கடலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். நாலு நாளில் பழகிவிட்டது. தண்ணீர் பட்டதும் கழுத்தை நீட்டி, ஓரமாகத் திரும்பி, சிலையாக நிற்கும். மாமா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு டக்கென்று அமுக்குவார். "சரியா வரல, நாளைக்குப் பாப்போம்" என்பார். திருவிழாவுக்கு முந்தின நாள்வரை இதே கதை. என் ஆடு சுவரில் தொங்கப்போகும் பெருமையில் எனக்குச் சோறுகூடக் கொஞ்சம் இறங்கியது.

வெட்டுகிற இடத்துக்கு அதுவரை என்னை விட்டதில்லை. வளர்த்தவள் என்பதால் அந்த வருஷம் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். பூசாரி மாலை போட்டு, ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எல்லோரும் கைகூப்பி ஆட்டையே பார்த்தார்கள்.

"எதுக்குப்பா பாக்குறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது உடம்பைச் சிலுப்பணும்மா. சிலுப்புனாத்தான் சாமி ஏத்துக்கிட்டதா அர்த்தம். இல்லன்னா வெட்டக்கூடாது" என்றார் அப்பா, கம்பில் சாய்ந்துகொண்டு.

என் வயிறு இப்போது நிஜமாகவே வலித்தது.

ஆடு கழுத்தை நீட்டியது. ஓரமாகத் திரும்பியது. போட்டோவுக்கு நின்றது.

மறுபடி தெளித்தார். மூன்றாவது தடவை ஒரு குடத்தையே கவிழ்த்தார். "என்னய்யா, உங்க ஆடு துரை மாதிரில நிக்குது!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து அடங்கியது. பூசாரி சிரிக்கவில்லை. "வீட்டுல ஏதோ குத்தம் நடந்திருக்கு. யாரு என்ன செஞ்சீங்க? இப்பவே சொல்லிடுங்க."

"சாமி கோவிச்சுக்கிட்டா அவரு காலு..." என்று அம்மா முடிக்கமுடியாமல் அழுதாள்.

சொன்னால் ஆடு போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் கால் போய்விடும். ஆடு என் மூடிய கையை முகர்ந்து முகர்ந்து கச்சாங் தேடியது. நான் விரலை இன்னும் இறுக்கிக்கொண்டேன். பின்னாலிருந்து மாமாவின் கை என் தோளில் விழுந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. பூசாரிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"சாமியே வேணாங்கும்போது நாம வற்புறுத்தலாமா? உசுரோட கோயிலுக்கே விட்டுடுவோமே" என்றார் மாமா. பூசாரி ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பூசணிக்காய் ஒன்றை வெட்டச் சொன்னார். ஆடு கோயிலிலேயே தங்கி, மாலைகளைத் தின்று கொழுத்தது.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அப்பா நடக்கிற போதெல்லாம் கம்புச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். சத்தம் ஒரு நொடி தவறினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒரு வருஷம் அப்படி ஓடினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு அப்பா கம்பையே விட்டுவிட்டார். என் கல்யாணத்தில் பந்திக்கு வாளி தூக்கினார். மாமாவிடம் கண்காட்சி எப்போது என்று கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துபோனேன். "வரும், வரும்" என்பார். பிறகு ஈப்போவில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் காலமாகியும் வெகுநாளாகிறது.

மருமகள் திரும்பி வந்தாள். "பழக்கவே இல்லையாம் அத்தை. ஒரு தடவை ஸ்ப்ரே பண்ணாங்களாம், அது உதர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். ஒரே செகண்டு லா."

ஒரே செகண்டு. என் மாமாவுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. பின்னாளில் என் வீட்டுக்காரர் ஒரு கேமரா வாங்கினார். ஒரு படம் எடுத்தால் ரோலைத் திருகிச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த படம். மாமா ஒரு நாளும் எதையும் சுற்றியதை நான் பார்க்கவில்லை. அந்தக் கேமராவில் ரோலே இருந்திருக்காது.

மருமகள் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். செய்ததைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, அப்பாவின் காலுக்காக அன்று அங்கே பயந்து நின்றது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.