சரிங்க டீச்சர்

தலைமை ஆசிரியையின் அறையில் என் மகன் கால் ஆட்ட ஆட்ட, இரும்பு நாற்காலி கடகடவென்று அடித்தது. அந்தச் சத்தம் என்னை என் ஏழாம் வகுப்புக்கே இழுத்துப்போனது. நான் கால் ஆட்டினால் பெஞ்சே குலுங்கும். "இவளால பக்கத்துல ஒருத்தரும் எழுத முடியலைங்க, கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் டீச்சர். சாயப்பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்த அப்பா, நீலம் ஏறிய கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தார். அடுத்த வாரம் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்ட நின்றேன்.

இன்றைக்கும் அதே பேச்சுதான். "ஏ.டி.எச்.டி. மாதிரி இருக்குதுன்னு டாக்டரே சொல்றாருல்லீங்க. எங்களால பாத்துக்க முடியாது, வேற ஸ்கூல் பாருங்க" என்றார் தலைமை ஆசிரியை. ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் மாற்றியாகிவிட்டது. 'சரிங்க' என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பையன் என் முகத்தையே பார்த்தான்.

"இல்லீங்க மேடம். முன்னாடி உக்கார வெச்சு, நடுநடுவுல எந்திரிச்சு நடக்க விடச் சொன்னாருங்க டாக்டர். ஒரு மாசம் செஞ்சு பாருங்க. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டனுங்க."

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அறையில் இப்போது இரண்டு நாற்காலிகள் கடகடத்தன.