கரடிக்குள் இருந்து பார்த்த மாரத்தான்

கரடியின் வாய்தான் எனக்கு ஜன்னல். கறுப்பு வலை கட்டிய அந்த ஓட்டை வழியாக நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நின்று யாராவது காதைத் திருகினால்கூட ஆள் யாரென்று தெரியாது. அந்த ஓட்டை வழியாகத்தான் என் வீட்டுக்காரர் சவுரிராயன் மஞ்சள் பனியனில் நம்பர் குத்திக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம், "வானூர்ல அமலாவ பார்த்துட்டு வர்றேன், அங்கியே தங்கிக்கிறேன்" என்று தங்கச்சி வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மனுஷன்!

கிளியனூரைத் தாண்டி, புதுச்சேரி ரோட்டில் இருக்கிற தீம் பார்க் ரிசார்ட்டில் அன்றைக்கு மாரத்தான். ராட்டினங்களைச் சுற்றி, அலைக்குளத்தை ஒட்டி, பின் கேட் வழியாக முந்திரித் தோப்பு வரை போய்த் திரும்ப வேண்டும். அதே பாதையில் நாலு சுற்று, மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். எங்களை மாதிரி வேஷக்காரர்கள் வழியில் நின்று கையாட்டி உற்சாகப்படுத்த வேண்டும். சென்னையிலிருந்து காரில் வந்து, காசு கட்டி, மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் ஆளைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் போன வருஷம்தான் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் அவர் திண்டிவனம் மார்க்கெட்டில் லோடுமேன். மல்லாட்டைக் கடலை மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, பீடி கேட்கிறவனிடம் நின்று நியாயம் பேசுவார். எங்கள் ஊர் மாதா திருவிழாவில் சப்பரத்தின் முன் கொம்பு இருபது வருஷமாக அவர் தோளில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாம் போனது. மார்க்கெட்டில், "வேணாம் சவுரி, உனக்கு ஒண்ணுன்னா நாங்க பதில் சொல்ல முடியாது" என்றார்கள். திருவிழாவில் முன் கொம்பை வேறொருவன் பிடித்துக்கொண்டான். இவர் கையில் ஒரு குடையைக் கொடுத்து, ஓரமாக நடந்து வரச் சொன்னார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "நான் இன்னும் சாவல ஜெசிந்தா" என்றார். அதோடு சரி, அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். விடியற்காலையில் எழுந்து போவார். நானும், பரவாயில்லை, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். நடந்தாராம், நடை! இந்த மனுஷன் ஓடிப் பழகியிருக்கிறார். பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பார்க்கில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். கரடி வேஷம் போட்ட பையன் நின்றுபோனதும், கூடுதல் சம்பளம் என்று அந்த வேலைக்கு நான்தான் கேட்டு மாறினேன். பெண்டாட்டி கரடித் தோலுக்குள் வெந்துகொண்டு ஆடுகிறாள் என்று தெரிந்தால், அந்த நெஞ்சு அதையே நினைத்து வேகும்.

முதல் சுற்றில் அவர் நன்றாகத்தான் ஓடினார். என் கரடிக் கையைத் தட்டி, "வணக்கம் கரடியாரே!" என்று சிரித்துவிட்டுப் போனார். 

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் கலைப்பிரியாவிடம் வலை வழியாகக் கிசுகிசுத்தேன். "பிரியா, இப்ப போனாரே மஞ்ச பனியன், அவர நிறுத்தும்மா. நெஞ்சு வலிக்காரரு."

"டாக்டர் சர்டிபிகேட் இல்லாம நம்பர் தரமாட்டாங்கக்கா. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"எங்க ஊருதான்." புருஷன் என்று சொன்னால் கரடி விஷயம் அவர் காதுக்குப் போய்விடும்.

"அப்ப கை தட்டுங்க. தலைய மட்டும் கழட்டிடாதீங்க, கொழந்தைங்க பயந்துடும். போன மாசம் முயல் கழட்டி வேல போனது தெரியும் இல்ல?"

தெரியாமல் என்ன? ஆனால் வேலை போகட்டும் என்றுகூடத் துணிந்திருப்பேன். ஓடி வருகிற மனுஷன், கரடித் தலைக்குள் இருந்து திடீரென்று என் முகம் வந்தால் என்ன ஆவார்? அந்த அதிர்ச்சியிலேயே விழுந்துவிட்டால்? கழற்றவும் பயம், கழற்றாமல் இருக்கவும் பயம். மாதாவே, இந்தப் பேஜாரில் என்னை ஏன் கொண்டுவந்து நிறுத்தினாய் என்று மனசுக்குள் கத்தினேன்.

இரண்டாவது சுற்றில் அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் வாய் திறந்திருந்தது, முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். விளையாட்டு காட்டுகிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். "வழி வுடு தம்பி, இன்னும் ஒரு ரவுண்டுதான்" என்று என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருப்பது யாரோ ஒரு பையன் என்று எண்ணம்.

கடைசிச் சுற்றில் வெகுநேரம் அவர் வரவே இல்லை. அவரோடு போனவர்கள் வந்தார்கள், பின்னால் போனவர்களும் வந்தார்கள். தை மாசம்தான், ஆனால் வெயில் ஏறிவிட்டது. தோலுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. தோப்புக்குள் எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்தேன். தேடிப் போகலாம் என்று காலை எடுத்து வைத்த நேரத்தில், அலைக்குளத்து வளைவில் மஞ்சள் பனியன் தெரிந்தது. ஓட்டம் இல்லை, தள்ளாட்டம். ஒரு கை நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் என்னைத் தாண்டினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கரடித் தோலோடு ஓடிப் பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும். தலை ஒரு பக்கம் ஆடுகிறது, கால் ஒரு பக்கம் இழுக்கிறது. விடுகிற மூச்சே சூடாக முகத்தில் திரும்பி அடிக்கிறது. "டேய், கரடி ஓடுதுடா!" என்று ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் கலைப்பிரியா, "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். அவர் கூடவே போக வேண்டும், விழுந்தால் பிடிக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தூரத்தில் பலூன் கட்டிய முடிவு வளைவு தெரிந்தது. போய்விடுவார், போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த வளைவு இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் இருட்டு.

தரையில் கிடக்கிறேன் என்பது சிரிப்புச் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மைக் பிடித்தவன், "நம்ம கரடிக்கு டயர்டாயிடுச்சு!" என்று கூவினான். அந்தக் கட்டையில் போகிறவனை எழுந்து அறைய வேண்டும்போல் இருந்தது, விரல்கூட அசையவில்லை.

வலைக்கு நேரே ஒரு முகம் குனிந்தது. அவர்தான். பலூன் வளைவு வரை போனவர் திரும்பி வந்திருக்கிறார்.

"தம்பி! தம்பி, எழுந்திரு!"

கரடித் தலையை இழுத்துப் பார்த்தார். அதன் கொக்கி முதுகுப் பக்கம் ரோமத்துக்கு அடியில் இருக்கிறது, அவருக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், உள்ள ஆளு சாவுதுய்யா! யாராவது வாங்கய்யா!"

அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கத்தினேன், குரல் வரவில்லை. கக்கத்தில் ஒரு கை, முட்டிக்கடியில் ஒரு கை. ஒரு முனகல். மூட்டை மாதிரி நான் அவர் தோளில் கிடந்தேன்.

இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி, கரடிக் கையால் அவர் முதுகை அடித்தேன். இறக்கிவிடு, இறக்கிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். "அடிக்காத தம்பி, வந்துட்டோம்" என்றார். அவர் மூச்சு இரைப்பது என் வயிற்றில் இடித்தது. முதலுதவிக் கூடாரம் முடிவு வளைவுக்கு எதிர்ப் பக்கம், அலைக்குளத்தை ஒட்டி இருந்தது. பலூன் வளைவு தலைகீழாக எனக்குத் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. ஒரு நிமிஷம் நடந்திருந்தால் அவர் முடித்திருப்பார். கூட்டம் விசிலடித்துக்கொண்டே பின்னால் வந்தது.

கூடாரத்தில் என்னைக் கிடத்தினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா அவசரப்படுத்த, ஓடி வந்த கலைப்பிரியா கொக்கியைத் தேடினாள். அவர் முட்டியில் கை ஊன்றி, குனிந்தபடி நின்று இரைத்தார்.

"தம்பி உசுருக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்?"

தலை கழன்றது. காற்று முகத்தில் பட்டது.

அவர் என்னையே பார்த்தார். ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலையில மாத்திர போட்டியா?" என்றேன். அதுதான் எனக்கு வந்த முதல் பேச்சு.

டாக்டரம்மா அவரையும் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயரை ஒட்டினார். மெஷினிலிருந்து காகிதம் வருகிற வரைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "பயப்படுற மாதிரி இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"உள்ள நான்தான்னு தெரியாமத்தான தூக்கினே? யாரோ எவனோ ஒருத்தனுக்காகச் சாவப் பார்த்தியே! வூட்ல ஒருத்தி இருக்கான்னு நெனப்பு வந்துச்சா உனக்கு?"

அவர் கூடாரத்து மேல்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அது வந்துதான் தூக்கினேன்" என்றார். "அந்தப் பையனுக்கும் வூட்ல ஒருத்தி காத்துக்கினு இருப்பா இல்ல, ஜெசி?"