இருபது லிட்டர் கேனும் என் இரண்டு கைகளும்

"ரெண்டு தண்ணி கேனுக்காக யாராவது ஜிம்முக்குப் போவாங்களா? மேல் வீட்டு சாரைக் கூப்பிட்டா வந்து தூக்கி வெச்சுட்டுப் போறாரு."

சொன்னவர் என் கணவர். ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு கனமான எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சிரத்தையாகப் பின்பற்றுகிறவர். சரி, கூப்பிட்டால் வருவார். கூப்பிடுவது யார்? பொழிச்சலூரில் லிஃப்ட் இல்லாத ஃப்ளாட்டின் மாடிப்படியில், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, "சார், கொஞ்சம் வரீங்களா" என்று இளித்தபடி நிற்பது யார்? இனி அப்படி நிற்கமாட்டேன் என்று முடிவு செய்துதான் ஐம்பத்தோரு வயதில் இரும்பைத் தொட்டேன். என்னைப் போலவே தொட்டு அவதிப்படும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் எடையைத் தூக்குவது பெரிய காரியமில்லை, சுற்றியிருப்பவர்கள் தூக்க விடவேண்டுமே.

ரோஸ் கலர் டம்பெல்

பம்மல் மெயின் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேலே ஜிம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும். வருகிறவர்களையெல்லாம் டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு மாஸ்டர் போனில் மூழ்கிவிடுவார். எனக்குத் தோளும் முதுகும் பலமாக வேண்டும் என்றேன். ரோஸ் நிறத்தில் ஒரு கிலோ டம்பெல்லை நீட்டினார். எங்கள் வீட்டு இட்லி மாவுப் பாத்திரம் இதைவிட கனம்.

கான்வென்டில் முதுகை நேராக வைத்து உட்காரச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முதுகை வைத்து எதையும் தூக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் நீங்களாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள் என்று நிதானமாகத்தான் கேட்டேன். அவரும் நிதானமாக என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆன்ட்டி, இதெல்லாம் எதுக்கு? தொப்பை குறைஞ்சா போதும்ல?"

டெய்லர் விடாத துணி

விடாப்பிடியாக நின்று ரோஸிலிருந்து கறுப்பு டம்பெல்களுக்கு மாறினேன். சில மாதங்களில் கேனைத் தரையிலிருந்து இடுப்புவரை கொண்டுவர முடிந்தது. கூடவே வேறொன்றும் நடந்தது. நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு முதல் நாள், பட்டு ரவிக்கையின் கை முழங்கைக்கு மேலே ஏறவே மாட்டேன் என்றது.

டெய்லரிடம் ஓடினேன். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று ரவிக்கைக்குள் துணி விட்டுத் தைப்பவர்தான். பக்கவாட்டில் தாராளமாக விட்டிருந்தார். கையில் ஒரு நூல்கூட விடவில்லை. ஏன் விடவில்லை என்று சண்டை பிடித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எரிச்சல்.

"இடுப்பு பெருக்கும்னு தெரியும் மேடம், விட்டுத் தெச்சேன். இந்த வயசுல கை வளரும்னு யாருக்குத் தெரியும்?"

முதல் கேன்

கேன்காரர், வண்டி ரோட்டில் நிற்கிறது என்று வழக்கம்போல் கீழ்ப் படியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். முழங்காலை மடக்கி, கேனை நெஞ்சோடு அணைத்துப் படியேறினேன். எதிரே இறங்கி வந்த மேல் வீட்டு சார் பதறிப்போய்க் கேனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பெண் கையில் கனம் இருந்தால் பிடுங்கியாக வேண்டும், அது நம் ஆண்களின் மரியாதை. அந்த இழுபறியில் இரண்டு பேரும் உருண்டால் யார் பொறுப்பு? ஒதுங்கச் சொன்னேன். பாவம், சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்து, மூச்சைப் பிடித்து, கேனை டிஸ்பென்சர்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சோபாவில் இருந்த கணவர் பேப்பரைத் தாழ்த்தினார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று நானும் முட்டாள்தனமாகக் காத்திருந்தேன்.

"பார்த்து வை. டிஸ்பென்சர் புதுசு."

ஃப்ளாட்டின் பொதுச்சொத்து

மேல் வீட்டு சார் சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் ஃப்ளாட் முழுக்கச் சொல்லிவிட்டார். முதலில் எதிர் வீட்டுப் பெண், கணவர் ஊரில் இல்லை, ஒரே ஒரு கேன் என்றாள். அடுத்து கீழ் வீட்டில் சிலிண்டர். அதற்கடுத்து பரணிலிருந்து கொலுப் பெட்டி. எல்லோருக்கும் பத்தே முக்காலுக்கு, நான் ஷூ மாட்டும்போதுதான் கனம் ஞாபகம் வருகிறது. இந்த வாரம் முழுக்க ஜிம் போச்சு. இப்படியே விட்டால் கை பழையபடி தொளதொளத்துவிடும், அப்புறம் என் வீட்டுக் கேனுக்கே நான் யாரைத் தேடுவேன்?

இதை எதிர் வீட்டுப் பெண்ணிடம் விளக்கி, இன்றைக்கு முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேல் வீட்டு சாரே இறங்கி வந்தார். அவருக்கு இடுப்புப் பிடிப்பாம். கேன் கீழே நிற்கிறதாம்.

"ஜிம்ல தூக்குறதை இங்கேயே தூக்கிட்டா, உங்களுக்கும் எக்ஸர்சைஸ் ஆச்சு இல்ல மேடம்?"

ஆக, ஐம்பதுக்கு மேல் கஷ்டப்பட்டுக் கைக்கு பலம் சேர்த்தால் கிடைப்பது, அடுத்தவர் வீட்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் தகுதி.

அவருடைய கேனை ஏற்றிவிட்டு வந்து ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "நாளைக்குப் பத்தே முக்காலுக்கு நான் ஜிம்முக்குக் கிளம்புகிறேன். லேடீஸ், யாராவது ஒருத்தர் கூட வாங்க. கேன் தூக்க நான் சொல்லித்தருகிறேன்."

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நீல டிக் விழுந்திருக்கிறது.